பறம்பில் வீட்டு இரகசியம்

குடும்பக் கதை எழுதும் நாவலாசிரியர் பெரும்பாலும் ஒரு வீட்டை நடுவே நிறுத்திக்கொள்வர். வீடு பழசாகப் பழசாக அதிற் பிறந்தவர் இறப்பர். வாழ வந்தவர் மூப்பர். பேரர் கையிற் சாவி வரும்போது பூட்டிய அறை ஒன்று திறக்கும். ஜெர்மானியரான தோமஸ் மான் 1901ஆம் ஆண்டிலே ஒரு வணிகக் குடும்பம் நான்கு தலைமுறையிற் சரிந்த கதையைச் சொன்னார். அமெரிக்கரான வில்லியம் போக்னர் 1936ஆம் ஆண்டில், தந்தை மறைத்து வைத்த முதல் மணத்தின் விலையை மக்கள் தம் உயிராற் செலுத்திய கதையைச் சொன்னார். கொலம்பிய நாட்டு மார்க்கேஸ் 1967இல் ஏழு தலைமுறைகளை ஒரே நூலில் அடக்கினார். இவை யாவும் உலகம் நன்கறிந்த நூல்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது இவற்றினும் மிகப் பிந்தியது. 2023ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த "த கவெனன்ற் ஒஃப் வோட்டர்" என்னும் பெருநாவல். "நீரின் உடன்படிக்கை" என்று தமிழிற் சொல்லலாம்.

இதனை எழுதியவர் ஆபிரகாம் வர்கீஸ். மலையாளக் கிறிஸ்தவப் பெற்றோருக்கு 1955ஆம் ஆண்டில் எதியோப்பியாவிற் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்தவர். அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே மருத்துவப் பேராசிரியர். தொழிலால் வைத்தியராயிருந்து எழுத்தாலும் பெயர் பெற்றவர் உலகில் வேறு பலரும் உளர். ஆயினும் வைத்தியத்தையே கதையின் உயிராக்கியவர் சிலரே. இவருடைய தாயார் தம் பேத்தி ஒருத்தி, "சிறு பிள்ளையாயிருந்தபோது நீங்கள் எப்படி இருந்தீர்கள்?" என்னும் கருத்தில் கேட்டதற்கு விடையாக, ஒரு கொப்பி நிறையப் பழங்கதைகளைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தாராம். அந்தக் கொப்பியே இந்நாவலுக்கு விதை. நூலின் முற்பகுதியைப் படிக்கும்போது, எழுதுபவர் நூலகத்திலிருந்து குறிப்பெடுக்கவில்லை, தாயின் வாயிலிருந்து கேட்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கதை 1900ஆம் ஆண்டிலே திருவிதாங்கூரில் தொடங்குகிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை, மனைவியை இழந்த நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு மணம் பேசி முடிக்கிறார்கள். தாயின் மடியில் அழுது ஓய்ந்து, தோணியேறிப் பறம்பில் என்னும் பண்ணை வீட்டுக்கு அவள் வருகிறாள். வயது வித்தியாசத்தைக் கேட்டதும் வாசகர் அஞ்சுவர். ஆனால் அம்மனிதர் பேசாமடந்தை. சிறுமி வளரும்வரை அவளைத் தம் பொறுப்பிலுள்ள பிள்ளை போலவே நடத்துகிறார். அவருடைய பெயரை அவள் வாய் திறந்து சொல்வதில்லை. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் நம்மவர்க்கும் புதியதன்று. நாவலாசிரியர் அதனை ஒரு வினோதமாகக் காட்டாமல் இயல்பாக விட்டிருப்பது நமக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சிறுமியே பின்னாளிற் "பெரிய அம்மாச்சி" ஆகிறாள். அம்மாச்சி என்ற சொல் நம் ஊர்களிலும் வழங்குவதாகையால், ஆங்கில எழுத்துக்களினூடே அது வரும் இடந்தோறும் நம் காதில் தமிழாகவே ஒலிக்கிறது.

வீட்டின் இரகசியம் அவளுக்கு மெல்ல மெல்லத் தெரிகிறது. கணவர் தோணியில் ஏறுவதில்லை. ஆறும் காயலும் வாய்க்காலுமாய் நீரே வழியாக இருக்கும் ஒரு நாட்டில், நாட்கணக்கிற் சுற்றி நடந்து போவாரேயன்றி நீரிற் கால் வையார். மூத்தாள் மகன் ஜோஜோ ஒருநாள் ஆழமற்ற வாய்க்காலில் வீழ்ந்து இறந்துபோகிறான். அதன் பின்னரே கணவர் ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டுகிறார். குடும்பத்தின் வம்ச மரம் அதில் வரையப்பட்டிருக்கிறது. நீரில் மாண்டவர் பெயரருகே அலைபோன்ற கோடும் அதன்மேற் சிலுவையும். தலைமுறைதோறும் ஒருவரேனும் அவ்வாறு மாண்டிருக்கிறார். அதற்கு வீட்டார் ஒரு பெயரும் இடவில்லை. "அந்த நிலை" என்று மாத்திரம் சொல்வார்கள். சொல்லாமற் பெண் கொடுத்தார்கள், சொல்லாமற் பெண் எடுத்தார்கள் என்பதை அவள் அன்று உணர்கிறாள். அவளுடைய கோபத்தை ஆசிரியர் சில வரிகளில் எழுதிச் செல்கிறார். ஆயினும் நாவல் முழுவதிலும் மிக உண்மையான வரிகள் அவை.

பிறகு அவள் செய்வது என்ன? கடவுளிடம் ஒரு வேண்டுதல் வைக்கிறாள். இந்நோயைத் தீர்க்க இயலாதென்றால், தீர்க்கக் கூடிய ஒருவரை அனுப்பவேண்டும் என்பதே அது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அந்த வேண்டுதலின் விடையை நோக்கித்தான் நகர்கிறது. மகன் பிலிப்போஸ் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போகிறான். செவி மந்தமென்று திருப்பி அனுப்பப்படுகிறான். அவன் ஓவியமும் சிற்பமும் வல்ல எல்சியை மணக்கிறான். அவர்கள் மகளாக வளரும் மரியம்மா சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்து வைத்தியராகிறாள். பிலிப்போஸ் புகையிரத விபத்தில் இறந்தபின், அவன் மூளையைப் பரிசோதித்தபோது செவிநரம்பில் வளர்ந்த கட்டி காணப்படுகிறது.

இவ்விடத்தில் மாணவர்க்காக ஒரு விளக்கம். எட்டாவது மூளைநரம்பு கேள்விக்கும் உடலின் சமநிலைக்கும் உரியது. அதனைப் பற்றிக் கட்டி வளரும்போது செவி மந்தமாகும்; சமநிலையும் கெடும். நிலத்திலே கண்ணின் துணையாலும் பாதத்தின் உணர்வாலும் மனிதன் ஒருவாறு நடந்துவிடுகிறான். கலங்கிய நீருக்குள் மூழ்கியவனுக்கோ கண்ணும் உதவாது, காலும் உதவாது. எது மேல், எது கீழ் என்பதே தெரியாமற்போகும். இரு செவிநரம்புகளிலும் கட்டி தோன்றும் பரம்பரை நோய் மருத்துவம் அறிந்த ஒன்று. அதனையுடையவரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதற்குரிய மரபணு 1993ஆம் ஆண்டிற்றான் கண்டறியப்பட்டது. கதை 1977இல் முடிகிறது. ஆதலால் மரியம்மாவுக்குக் கிடைப்பது நோயின் பெயரும் சத்திரசிகிச்சை என்னும் வழியுமே. அந்த வழியில், அதே நோயுடைய உறவினனான லெனின் என்பவன் வேலூர் வைத்தியசாலையிற் பிழைக்கிறான். சாபம் என்று நூற்றாண்டுகளாக அஞ்சியது ஒரு சிறு கட்டியாக மாறும் அந்த அத்தியாயங்களை ஒரே மூச்சிற் படித்தோம்.

இதுவரை நாவலைப் புகழ்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் பறம்பில் வீட்டில் மறைந்திருப்பது ஒரு நோய் மட்டுமன்று. முடிவை முன்னரே அறிய விரும்பாதவர் இவ்விடத்தில் நிறுத்தி, நூலைப் படித்தபின் மேலே வருதல் நன்று.

எல்சி, மரியம்மாவைப் பெற்ற சில நாட்களில் ஆற்றங்கரைக்குப் போய் மறைந்துவிடுகிறாள். நீரில் மாண்டோர் வீடல்லவா? அவளும் நீரிற் போனாளென்று வீடு நம்பிவிடுகிறது. உண்மையில் அவள் சாகவில்லை. தன் உடலிலே தொழுநோயின் குறி கண்டு, குழந்தையைத் தொட அஞ்சி, சுவீடன் நாட்டு வைத்தியர் ரூனே முன்னர் நடத்திய தொழுநோயாளர் இல்லத்திற்குச் சென்று ஒளிந்து வாழ்கிறாள். அவளுடன் அங்கே வாழ்பவர் டிக்பி என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர். மரியம்மாவின் தந்தையும் அவரே, பிலிப்போஸ் அல்லர். தன் குடும்ப நோயின் தடயத்தைத் தேடித் தந்தையின் நாட்குறிப்புக்களைப் புரட்டும் மகள், தான் அக்குடும்பத்து இரத்தமே அல்லள் என்பதை அங்கே காண்கிறாள்.

இதனை ஆழ்ந்து நோக்கவேண்டும். பெரிய அம்மாச்சி கேட்டது நோயைத் தீர்க்க ஒரு வைத்தியரை. அவ்வைத்தியர் வந்துவிட்டார், ஆனால் வந்த வழி மருமகள் கற்பு நெறியிலிருந்து விலகிய வழி. வம்சத்தின் நோயைக் கண்டுபிடித்தவள் வம்சத்தைச் சேர்ந்தவள் அல்லள். அதனாலேயே அவள் அந்நோய்க்குத் தப்பியவளும் ஆகிறாள். கிறிஸ்தவ நம்பிக்கையிலே தோய்ந்த ஒரு கிழவியின் வேண்டுதலுக்கு இப்படியொரு விடை கிடைக்குமாயின் அவள் என் செய்வாள்? பேத்தியைத் தள்ளுவாளா, கொள்வாளா? பெயரையே கொடுத்து வளர்த்த பெண்ணல்லவா? நாவலின் உள்ளே கிடக்கும் மிகப் பெரிய கேள்வி இதுதான் என்பது நம் எண்ணம். ஆசிரியரோ அதனைக் கேட்கவில்லை. உண்மை வெளிவரும் முன்னரே பெரிய அம்மாச்சி, வளர்ச்சி குன்றிய தன் மகள் பேபி மோளுடன் ஒரே இரவில் உறக்கத்திலேயே இறந்துபோகிறாள். படிக்கக் கண்ணீர் வரும்படி எழுதப்பட்ட சாவு அது. ஆயினும் பாத்திரத்தின்மேல் வைத்த அன்பினால் ஆசிரியர் அவளை ஒரு சோதனையிலிருந்து காப்பாற்றிவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். எழுபது ஆண்டு வாழ்வில் ஒவ்வொரு சாவையும் தாங்கிய ஒருத்தி இதனையும் தாங்கியிருப்பாள். எப்படித் தாங்கினாள் என்பதைக் காட்டியிருந்தால் நாவல் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

எல்சியின் செய்தியும் இவ்வாறே. தொழுநோயைப் பற்றி எழுதும் பக்கங்கள் மிகச் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. காரணமும் உண்டு. வர்கீஸ் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் நூல், அமெரிக்காவின் தெனசி மாநிலத்துச் சிற்றூர்களில் எயிட்ஸ் நோயுடன் வீடு திரும்பிய இளைஞர்களை அவர் கவனித்த அனுபவத்தைச் சொல்வது. நோயைவிட நோயின் பெயருக்கு அஞ்சி ஒரு குடும்பம் எவ்வாறு கதவடைக்கும் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர். தொழுநோயிலே விரல்கள் கெடுவது கிருமி தின்பதனாலன்று. வலி தெரியாமற் போவதனாற் காயம் மேற் காயம் பட்டுக் கெடுகின்றன என்னும் உண்மையை, வேலூரிலே போல் பிராண்ட் என்னும் சத்திரவைத்தியர் செய்த ஆராய்ச்சி உலகுக்கு உணர்த்தியது. அதனை வர்கீஸ் பாடமாகச் சொல்லாமற் கதையாக ஆக்கியிருக்கிறார். தீயில் வெந்த டிக்பியின் கைக்குப் பயிற்சி கொடுக்க, சிறுமி எல்சி தன் கையை அவர் கையுடன் நாடாவினாற் கட்டிக்கொண்டு படம் வரையும் காட்சி மறக்கவொண்ணாதது. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவையும் ஹெந்தளை வைத்தியசாலையையும் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த நம் முதியோர்க்கு, ஒருவரை உயிரோடிருக்கையிலேயே இறந்தவராக எண்ணிக்கொள்வது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கேள்வி ஒன்று நிற்கிறது. எல்சி மறைந்தது 1951ஆம் ஆண்டு. டாப்சோன் என்னும் மருந்து அதற்கு முன்னரே வழக்கத்துக்கு வந்துவிட்டது. அது கெட்ட நரம்பை மீட்காதாயினும் நோய் பரவுவதைத் தடுத்தது. குழந்தைக்குத் தொற்றும் என்ற அச்சம் முதல் ஆண்டில் நியாயமானது, ஐந்தாம் ஆண்டில் ஓரளவு நியாயமானது, இருபத்தைந்தாம் ஆண்டிலுமா? ஒரு கடிதம், ஓர் அடையாளம், ஒரு சிறு சிற்பமாவது மகளை நோக்கி அனுப்பியிருக்கலாகாதா? அவள் மௌனத்திற்கு நோய் மட்டுமே காரணமன்று. மகள் பிறந்த விதமும், முன்பு மகன் இறந்த விதமும் காரணங்கள். கணவன் வெட்டித் தருவதாக வாக்களித்து வெட்டாமல் விட்ட பலாமரத்திலே அவள் முதற்பிள்ளை நினன் வீழ்ந்து மாண்டான். கணவனோ அபினியில் ஆழ்ந்தான். தன் கலைக்கு வீட்டில் ஓர் ஒளிபட்ட அறைகூடக் கிடையாதிருந்தாள். இவையெல்லாம் சேர்ந்தே அவள் போனாள். நோய் அவளுக்கு ஒரு காரணத்தைத் தந்தது என்றும் சொல்லலாம். ஆசிரியர் அதனைத் தொட்டுவிட்டு, மகளுடைய சினத்தைச் சில பக்கங்களிலேயே ஆற்றி, சமாதானத்துக்கு விரைந்துவிடுகிறார். நோய்க்கு விடை கண்ட அதே வேகத்தில் தாய்க்கும் விடை காண முயல்கிறார். கட்டியைக் கண்டறிந்தால் வெட்டலாம். கால் நூற்றாண்டு தன்னை அனாதையாக விட்டது தாயின் அன்பா, தாயின் கோழைமையா, இரண்டுமா என்பதை எந்தப் பரிசோதனை கண்டறியும்?

இன்னுமோர் குறை, மனிதர்கள் மிக நல்லவர்களாயிருப்பது. கணவர் நல்லவர், மாமியார் நல்லவர், சுவீடன் வைத்தியர் நல்லவர், தாமோதரன் என்னும் யானையும் நல்லது. சென்னையில் வரும் குடிகார வெள்ளைக்கார வைத்தியர் ஒருவரே உருப்படியான தீயவர். சந்திப்புக்களும் அளவுக்கு மிஞ்சி நேர்கின்றன. சிறுமியாகக் கைகட்டி வரைந்தவளே பின் காதலி. அந்த இல்லமே பின் புகலிடம். எழுநூறு பக்க நூலில் இது தவிர்க்கமுடியாததென்று சிலர் சொல்லக்கூடும். நமக்கு அது உடன்பாடன்று.

ஆயினும் ஓரிடத்தில் வர்கீஸ் தம் நல்லெண்ணத்தைத் தாமே உடைத்துக் காட்டுகிறார். அவ்விடத்துக்காகவே இந்நூலை நாம் மீண்டும் கையிலெடுப்போம். பறம்பில் நிலத்தைக் காடு வெட்டிக் கழனியாக்கியவர் பெரிய அம்மாச்சியின் கணவர் மட்டுமல்லர். அவருடன் புலையர் குலத்து ஷாமுவேலும் பாடுபட்டார். வீட்டார் அவரை அன்பாகவே நடத்தினர். வாசகரும் பாதி நூல்வரை அதனை அன்பென்றே எண்ணிக்கொண்டிருப்பர். அவர் மகன் ஜோப்பன் சிறுவயதிற் பிலிப்போசுடன் எழுத்துப் படிக்க வந்தபோது ஆசான் அவனை அடித்துத் துரத்தினான். ஷாமுவேல் இறந்தபின், பண்ணையைப் பார்த்துக்கொள்ள வருமாறு பிலிப்போஸ் ஜோப்பனை அழைக்கிறான். தன்னளவில் அஃது ஒரு பெருங்கொடை என்பது பிலிப்போசின் நினைவு. ஜோப்பன் சினவாமல், குரலுயர்த்தாமல், தந்தையின் உழைப்புக்கு அவ்வீடு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதை நண்பனுக்கு எடுத்துச் சொல்கிறான். அன்பாக நடத்தியவர்க்கே தாம் செய்த அநீதி கண்ணிற் படுவதில்லை என்னும் கருத்து அப்பேச்சின் ஊடே வருகிறது. பிலிப்போஸ் திகைக்கிறான், நாமும் திகைத்தோம்.

வம்ச மரத்தில் நீரில் மாண்டோர்க்கெல்லாம் குறியுண்டு. ஷாமுவேலுக்கு அத்தாளில் இடமில்லை. பறம்பில் வீட்டின் மூன்றாவது இரகசியம் இதுவே. இதனை எவரும் ஒளித்து வைக்கவில்லை. நாள்தோறும் முற்றத்திலே நின்று வேலை செய்தது, காணவேண்டியவர் காணவில்லை. திருவிதாங்கூரின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது கற்பனையன்று. அய்யன்காளி என்னும் புலையர் தலைவர் பொது வீதியில் வில்லுவண்டி ஓட்டும் உரிமைக்காகவும், தம் பிள்ளைகள் பள்ளியிற் கால்வைக்கும் உரிமைக்காகவும் போராடியது இந்நாவல் நிகழும் நாட்டிலும் காலத்தை ஒட்டியுமே. 1936ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1957ஆம் ஆண்டில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை அமைந்தது. நிலச் சீர்திருத்தம் 1970ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. குட்டநாட்டு வயல்களில் உழைத்த புலையர் வாழ்வைத் தகழி சிவசங்கரப்பிள்ளை 1948ஆம் ஆண்டிலேயே நாவலாக்கினார். அதே நிலத்தின் பல தலைமுறைக் கதையை 1978இல் "கயறு" என்னும் பெருநூலாகத் தந்தார். தகழிக்கு நிலமும் உழைப்புமே கதை. வர்கீசுக்கு வீடும் உடலுமே கதை. வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் ஒருவர் வாசலைத் தாண்டி ஒருமுறை வெளியே வந்து நின்றார் என்பதே ஜோப்பன் அத்தியாயத்தின் சிறப்பு. மீண்டும் அவர் உள்ளே போய்விடுகிறார், அது வருத்தமே.

ஆங்கிலத்தில் நெடிய நூலொன்றைப் படித்துப் பழக விரும்பும் மாணவர்க்கு இதனைத் துணிந்து சொல்லலாம். நடை தெளிவானது, வாக்கியங்கள் சுற்றி வளைப்பதில்லை. மருத்துவப் பகுதிகளிற் சில சொற்கள் தடுக்கும். அகராதியை அருகில் வைத்துக்கொள்வது நன்று. அமெரிக்காவில் ஒப்ரா வின்பிரே தம் வாசகர் வட்டத்திற்குத் தெரிந்தெடுத்ததனால் நூல் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது; அதனைக் கண்டு இது வெறும் கண்ணீர்க் கதை என்று ஒதுக்க வேண்டாம். டிக்பியின் சென்னை வாழ்வைக் கூறும் பகுதி சிறிது இழுக்கும். அவ்விடத்தில் விரைந்து செல்பவர் பெரிதாக எதையும் இழக்கமாட்டார், தீவிபத்தைத் தவறவிடாமற் பார்த்துக்கொண்டாற் போதும். வீட்டிலே மூத்தவர்களும் இளையவர்களும் ஒருங்கே படிப்பார்களாயின், பெரிய அம்மாச்சி உயிரோடிருந்து உண்மையை அறிந்திருந்தால் மரியம்மாவை எப்படி ஏற்றிருப்பாள் என்பதைத் தமக்குள் வாதித்துப் பார்க்கட்டும். எம் வீட்டில் அந்த வாதம் இரண்டு இரவு நீண்டது, இன்னும் முடிந்தபாடில்லை.